இடது கைகள் உயர்ந்த நாள்

பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தைப் போன வாரக் கதையில் திறந்து வைத்துவிட்டு வந்தோம். பூட்டைத் திறந்த தூசியே இன்னும் அடங்கவில்லை, அதற்குள் வீட்டில் புகை கிளம்பிவிட்டது.

இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. தையல் மெஷினோடு பேசிக்கொண்டே காலம் தள்ளும் அம்மா. அவளுடைய தங்கை, அரசுப் பள்ளியில் பல வருடமாகத் தற்காலிக அறிவியல் ஆசிரியையாகவே இருக்கும் சித்தி. அதே பள்ளியில் கடைசி வகுப்புப் படிக்கும் மகள். பள்ளிப் பதிவேட்டில் அவளுக்கு என்ன பெயரோ, வீட்டில் அவள் மிளகாய். அப்பா தொலைதூரப் பேருந்து ஓட்டுகிறவர். வேண்டிய நேரத்தில் ஊரில் இருக்க மாட்டார்.

இன்றைக்குப் பள்ளியில் ஆய்வு. மேலிடத்திலிருந்து அதிகாரி வருகிறார். ஆய்வு நல்லபடியாக முடிந்தால் சித்தியின் வேலையை நிரந்தரமாக்கப் பரிந்துரைப்பதாகத் தலைமையாசிரியர் வாக்குக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு விடுமுறைக்கும் வீட்டுக்கு அனுப்பி, பள்ளி திறந்ததும் மறுபடி கெஞ்ச வைக்கும் பிழைப்பு அவளுக்கு அலுத்துவிட்டது. நிரந்தரம் என்ற ஒரு சொல்லுக்காக அவள் எவ்வளவோ சொற்களை விழுங்கியிருக்கிறாள்.

காலையில் அம்மா கடைசித் திரைச்சீலையின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். பச்சைத் துணி அறை முழுக்கப் பரந்து கிடந்தது. மிளகாய் அதைத் தாண்டி வந்து நின்றாள்.

"இது எதுக்கும்மா?"

"ஆய்வுக்கூடத்து ஜன்னலுக்கு."

"அந்த ஜன்னல்ல கண்ணாடியே இல்லையே."

"அதனாலதான் திரை."

"டீ ஆறுது, குடி" என்றாள் சித்தி, தலை வாரிக்கொண்டே.

"வேணாம் சித்தி. காலையில எதுவும் குடிக்கறதில்லைன்னு தெரியாதா உங்களுக்கு?"

தெரியும். பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குப் பூட்டு. சாவி அலுவலகத்தில். கேட்கப் போனால், எதற்கு, ஏன், வீட்டில் போக வேண்டியதுதானே என்று ஆயிரம் கேள்வி. அதனால் அந்தப் பள்ளியில் படிக்கும் பெண்கள் வெயில் காலத்திலும் தொண்டை வறண்டுதான் பாடம் கேட்பார்கள்.

"இன்னைக்குத் திறந்திருக்கும். சோப்புகூட வச்சிருக்காங்க" என்றாள் சித்தி.

"அப்போ இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் ரெண்டு டம்ளரா குடிச்சுக்கறேன்."

சித்தி சீப்பை வைத்தாள். கண்ணாடியில் பொட்டைச் சரி செய்தாள்.

அம்மா மெஷினை நிறுத்தினாள். "இங்க பாரு மிளகா. உன் நியாயமெல்லாம் நாளைக்கு வச்சுக்கோ. இன்னைக்கு ஒரு நாள் வாயைத் திறக்காம இருந்துட்டு வா. உன் சித்தி சோத்துல மண்ணைப் போட்டுடாதே."

"வாயே திறக்க மாட்டேன்மா. சத்தியம்."

அவள் இவ்வளவு சுலபமாகச் சத்தியம் செய்தபோதே அம்மா உஷாராகியிருக்க வேண்டும். பெற்றவளுக்கு நூல் கோர்க்கிற அவசரம், விட்டுவிட்டாள்.

மிளகாயின் கோபத்துக்கு வேர் மாடி வீட்டில் இருந்தது. மாடி வீட்டு அக்கா இதே பள்ளியில் போன வருடம் முதல் மாணவி. மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். கல்லூரிக்குப் போன முதல் வாரம் ஆய்வுக்கூடத்தில் கையில் பிப்பெட்டைக் கொடுத்தார்கள். அளந்து உறிஞ்ச வேண்டிய அந்தக் கண்ணாடிக் குழாயை அக்கா தலைகீழாகப் பிடித்தாள். வகுப்பே சிரித்தது. அவள் அதற்கு முன் அதைப் புத்தகத்துப் படத்தில்தான் பார்த்திருந்தாள். சில வாரம் அழுதுகொண்டே போனாள். பிறகு போகவில்லை. இப்போது கைபேசிக் கடையில் உட்கார்ந்து கண்ணாடி ஒட்டிக் கொடுக்கிறாள்.

முதல் மாணவிக்கே அந்தக் கதி என்றால் மற்றவர்கள் கதி என்ன? மிளகாய்க்குப் படிக்க ஆசையிருந்தது ரத்தப் பரிசோதனைக்கூட வேலைக்கு. அங்கே போய்ப் படம் வரைந்து காட்ட முடியாது.

*

பள்ளி வாசலைத் தாண்டினால் சித்தி 'மிஸ்' ஆகிவிடுவாள். இது சித்தி போட்ட சட்டம். சொந்தக்காரப் பெண் என்று தெரிந்தால், நியாயமாக வாங்கிய மார்க்கையும் சந்தேகப்படுவார்கள். பிள்ளைகளுக்கெல்லாம் விஷயம் தெரியும், பழைய ஆசிரியர்களுக்கும் தெரியும். இந்த வருடம் மாற்றலாகி வந்த தலைமையாசிரியர் ஒருவருக்குத்தான் தெரியாது.

சித்தி போட்ட சட்டம் இன்னொன்றும் உண்டு. அதுதான் இன்றைய கதை.

அவள் வகுப்பில் கேள்வி கேட்டால் எல்லோரும் கை தூக்க வேண்டும். தெரிந்தவர்கள் வலது கை. தெரியாதவர்கள் இடது கை. தெரியாது என்று எழுந்து நின்று சொல்ல வெட்கப்பட்டு மேஜைக்குள் தலையை நுழைத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்காக அவள் கண்டுபிடித்தது. இடது கை தூக்கியவர்களை மணியடித்த பிறகு ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்துத் திரும்பச் சொல்லிக் கொடுப்பாள். யாரும் யாரையும் பார்த்துச் சிரித்ததில்லை. எத்தனையோ குறை உள்ள அந்தப் பள்ளியில் பிள்ளைகள் குறை சொல்லாத ஒரே விஷயம் அது.

தலைமையாசிரியர் இதைக் கேள்விப்பட்டார். அவருக்கு அதில் வேறு அழகு தெரிந்தது.

"பிரமாதம்! அதிகாரி வரும்போது எல்லாப் பிள்ளைங்களும் கை தூக்கணும். நீங்க வலது கையா பார்த்து எழுப்புங்க. ஒரு வகுப்பே அறிவாளியா தெரியும்."

"சார், அது அதுக்காகப் போட்டது இல்ல..."

"எதுக்காகப் போட்டா என்ன மிஸ்? உங்க வேலை நிரந்தரமாகணுமா, வேணாமா?"

சித்தி அதையும் விழுங்கினாள்.

ஆய்வுக்கூடம் அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. உடைந்த பெஞ்சுகள் போன இடம் தெரியவில்லை. மேஜை மேல் வரிசையாகப் பர்னர்கள், ப்யூரெட்டுகள், பிப்பெட்டுகள். எல்லாம் அடுத்த தெருத் தனியார் பள்ளியிலிருந்து ஒரு நாள் இரவல். அலமாரியில் நீலமும் சிவப்புமாகப் புட்டிகள். பாதிப் புட்டிகளில் சாயத் தண்ணீர், மீதியில் இரவல் வாங்கிய அசல் சரக்கு. எது எது என்று சித்திக்கு மட்டும்தான் தெரியும்.

அம்மா ஸ்டூல் மேல் ஏறித் திரைகளை மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு ஜன்னலில் கொக்கி நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. "நீங்க ஆய்வு முடியறவரைக்கும் இங்கேயே ஓரமா இருங்கம்மா. அவிழ்ந்தா பிடிச்சுக்கணும்" என்றார் தலைமையாசிரியர். தையல்காரி என்ற மட்டில்தான் அவளை அவருக்குத் தெரியும்.

நடைவழியில் மிளகாய் தன் சகாக்களைக் கூட்டினாள். வகுப்பிலேயே உயரமான ஒட்டடைக்குச்சி ஒருத்தி. இளநரை விழுந்ததால் தாத்தா என்று பட்டம் வாங்கியவன் ஒருவன். இவர்கள் இரண்டு பேரிடம் சொன்னால் வகுப்பு முழுவதற்கும் சொன்ன மாதிரி.

"தெரியாதவங்க எந்தக் கையைத் தூக்கணும்?" என்றாள் மிளகாய்.

"இடது கை" என்றான் தாத்தா.

"நம்ம யாருக்காவது இங்க இருக்கற ஒரு சாமானையாவது தொட்டுப் பழக்கம் உண்டா?"

"ரெக்கார்டு நோட்ல எழுதற டைட்ரேஷன் ரீடிங் மனப்பாடமா தெரியும்" என்றான் அவன். "வகுப்புல எல்லாருக்கும் ஒரே ரீடிங்."

"அப்போ எந்தக் கை?"

தாத்தா தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தான். அவன் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது.

ஒட்டடைக்குச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. "மிஸ் என்னடி ஆவாங்க? உன் சித்திடி."

மிளகாய் கூடத்துக்குள் புட்டி அடுக்கும் சித்தியைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து தன்னைத் தூக்கி வளர்த்தவள். காய்ச்சல் வந்தால் அம்மாவுக்கு முன்னால் எழுந்து வருகிறவள். அவளுக்குக் கெடுதல் வரும் என்று தெரிந்தேதான் இதைச் செய்யப் போகிறாள்.

"தெரியும். ஆனா இன்னைக்கு வலது கையைத் தூக்கினா, நாளைக்கு இதெல்லாம் வண்டியில திரும்பிப் போயிடும். கதவைப் பூட்டிடுவாங்க. அப்புறம் நாமளும் கண்ணாடி ஒட்டப் போக வேண்டியதுதான்" என்றாள்.

*

அதிகாரி ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. அதிகம் பேசவில்லை. பர்னரைத் தொட்டுப் பார்த்தார். புட்டிகளைப் பார்த்தார். தலைமையாசிரியர் பக்கத்திலேயே நடந்துகொண்டு மூச்சு விடாமல் பேசினார்.

முதலில் புத்தகக் கேள்விகள். அமிலம் என்றால் என்ன, காரம் என்றால் என்ன. பாதிக்கு மேல் வலது கைகள். சித்தி எழுப்பியவர்கள் எல்லோரும் டாண் டாண் என்று சொன்னார்கள். தலைமையாசிரியரின் முகம் பூத்தது. சித்திக்குக்கூட மூச்சு சீரானது.

அதிகாரி ஒரு பிப்பெட்டை எடுத்து மேஜை நடுவில் வைத்தார்.

"நல்லாச் சொல்றீங்க. இப்போ யாராவது வந்து எனக்கு ஒரு சோதனை செஞ்சு காட்டுங்க. எது வேணும்னாலும் சரி. யார் வர்றீங்க?"

வகுப்பு முழுக்க ஒரே நேரத்தில் கை தூக்கியது.

"அடேயப்பா!" என்றார் அதிகாரி. "எல்லாருமேவா? மிஸ், நீங்களே ஒருத்தரைக் கூப்பிடுங்க."

சித்தி திரும்பிப் பார்த்தாள். அத்தனையும் இடது கை. முதல் பெஞ்சு, கடைசி பெஞ்சு, தினமும் வலது கை தூக்குகிற பிள்ளைகள், எல்லாம் இடது கை. நடுவில் மிளகாய். அவள் வாயைத் திறக்கவில்லை. அம்மாவுக்குச் செய்த சத்தியத்தை அணுவளவும் மீறவில்லை. கை மட்டும் நேராக நின்றது, கண்கள் சித்தியை விட்டு நகரவில்லை.

தலைமையாசிரியருக்கும் புரிந்துவிட்டது. "மேடம், நேரமாகுது, டீ ரெடியா இருக்கு" என்றார்.

"இருக்கட்டும் சார். மிஸ், கூப்பிடுங்க."

சித்திக்கு வழி இல்லாமல் இல்லை. சாமர்த்தியமான பையன் ஒருவனை எழுப்பி, அவன் கையைத் தானே பிடித்து நடத்தி ஒப்பேற்றியிருக்கலாம். நேற்றைய சித்தியாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பாள். ஆனால் தான் அன்போடு போட்ட சட்டத்தைப் பிள்ளைகள் நம்பி, தன் முன்னாலேயே உயர்த்திப் பிடித்து நிற்கிறார்கள். இடது கை தூக்கியவனை அவள் ஒரு நாளும் எழுப்பி அவமானப்படுத்தியதில்லை. இன்றைக்கும் அவளால் முடியவில்லை.

அவள் தன் இடது கையைத் தூக்கினாள்.

அதிகாரி புருவத்தைச் சுருக்கினார். "நீங்க ஏன் தூக்கறீங்க?"

"இந்த வகுப்புல ஒரு சட்டம் மேடம். நான் போட்டது. தெரியாதவங்க இடது கையைத் தூக்கணும்."

"அப்போ இவங்க யாருக்கும்...?"

"தெரியாது மேடம். இந்தச் சாமானெல்லாம் இரவல். இந்தக் கதவே போன வாரம்தான் திறந்தது."

"சரி. உங்களுக்கு என்ன தெரியாது?"

சித்தி தூக்கிய கையை இறக்கவில்லை. "இந்தப் பிள்ளைங்க எந்தத் தைரியத்துல பரீட்சைக்குப் போவாங்கன்னு எனக்குத் தெரியாது மேடம். எந்த முகத்தோட நான் இவங்களை அனுப்பறதுன்னும் தெரியாது."

கூடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. விழுந்தது ஊசியில்லை, அந்தப் பாழாய்ப்போன கொக்கி. திரையின் ஒரு முனை தொங்கியது. தலைமையாசிரியர் அம்மாவைப் பார்த்துக் கண்ணாலேயே 'பிடி, பிடி' என்றார்.

அம்மா பிடித்தாள். பிடித்தவள் மேலே தூக்கவில்லை, ஒரே இழுப்பாகக் கீழே இழுத்தாள். கண்ணாடி இல்லாத ஜன்னல் பல்லிளித்தது.

"தைச்சது நான்தாங்க" என்றாள். "ஓட்டையை மறைக்கத் தைக்கச் சொன்னாங்க, தைச்சேன். என் தங்கச்சி இவ்வளவு தூரம் சொன்னதுக்கப்புறம் எனக்கு எதுக்குங்க திரை?"

"அம்மா!" என்றாள் மிளகாய். சத்தியம் அங்கே உடைந்தது. அவளுக்கே தெரியாமல் வாய் திறந்துவிட்டது.

தலைமையாசிரியர் தையல்காரியைப் பார்த்தார். ஆசிரியையைப் பார்த்தார். மாணவியைப் பார்த்தார். முகஜாடை அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

"ஓஹோ! அக்கா, தங்கச்சி, மகள். குடும்பமே சேர்ந்து போட்ட நாடகமா இது? மேடம், பார்த்தீங்களா? பிள்ளைங்களைத் தூண்டி விட்டிருக்காங்க!"

அதிகாரி பிப்பெட்டை எடுத்த இடத்திலேயே வைத்தார். அவர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

"மிஸ், நாளைக்குக் காலையில என் ஆபீசுக்கு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். டீ ஆறிப் போனது.

*

சாயங்காலம் வீட்டில் மெஷின் ஓடவில்லை. சித்தி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். மிளகாய் மூன்றாவது தடவையாக அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"சித்தி, திட்டுங்களேன்."

"திட்டற மாதிரி தப்பு செஞ்சிருந்தா திட்டலாம்" என்றாள் சித்தி. பிறகு முகத்தைத் திருப்பினாள், கண் கலங்கியிருந்தது. "என்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா தடுத்திருப்பீங்க."

"ஆமா. தடுத்திருப்பேன்." மிளகாயின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "அதுதான்டி எனக்கு வலிக்குது."

மிளகாய் அவள் மடியில் தலையை வைத்து அழுதாள். அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் வந்தது. அம்மா இருவரையும் பார்த்தாள். "போனா போகட்டும், ரெண்டு பேரும் எனக்குப் பட்டன் தைச்சுக் குடுங்க" என்றாள். சொன்னாளே தவிர, அவள் குரலும் சரியில்லை.

அம்மாவின் கைபேசி அடித்தது. மிளகாய் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். ஒட்டடைக்குச்சி.

"மிளகா! ஹெட்மாஸ்டர் கிளம்பினப்புறம் சாமானை ஏத்த வண்டி வந்துச்சுடி. நாங்க விடல. எல்லாரும் உள்ளேயே உட்கார்ந்துட்டோம்."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான். பூட்டறதுன்னா எங்களையும் சேர்த்துப் பூட்டுங்கன்னு சொல்லிட்டான் தாத்தா. இன்னைக்கே ஒரு சோதனையாவது செஞ்சு பார்த்துட்டுத்தான் எழுந்திருப்போம். மிஸ்கிட்ட ஒண்ணு கேளேன், பர்னரை எப்படிப் பத்த வைக்கறது? தாத்தா தீப்பெட்டி வாங்கப் போயிருக்கான்."

சித்தி துள்ளி எழுந்தாள். கண்ணீர் போன இடம் தெரியவில்லை.

"யாரும் எதையும் தொடக் கூடாதுன்னு சொல்லு! அலமாரிப் பக்கமே போகக் கூடாது, அதுல பாதி நிஜ ஆசிட்! நான் வந்துட்டே இருக்கேன்னு சொல்லு!"

செருப்பை மாட்டினாள், இடமும் வலமும் மாறியதுகூடத் தெரியாமல். மிளகாய் சுட்டிக்காட்டினாள். மாற்றினாள்.

"இரு, நானும் வர்றேன். என் துணியை அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன்" என்றாள் அம்மா. துணிக்காக வருகிறாள் என்று அவளே நம்பவில்லை.

மூவரும் வாசலுக்கு வந்தபோது தலைமையாசிரியரின் கார் எதிரே வந்து நின்றது. அவர் இறங்கினார். காலையில் இருந்த கோபம் இல்லை. குரலில் வெண்ணெய் தடவியிருந்தது.

"உங்களைத்தான் பார்க்க வந்தேன் மிஸ். நடந்தது நடந்து போச்சு. நாளைக்கு அந்தம்மாகிட்டப் போய், பயத்துல ஏதோ உளறிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உங்க பரிந்துரை இன்னும் என் மேஜை மேலதான் இருக்கு. கிழிச்சுப் போடல."

அம்மா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். மிளகாய் பார்க்கவில்லை, தைரியம் வரவில்லை. இத்தனை வருடம் காத்திருந்த சொல் ஒரு கை எட்டும் தூரத்தில் நின்றது.

"யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் அவர். "ஆமா, இந்த நேரத்துல மூணு பேரும் எங்கே கிளம்பிட்டீங்க?"

சித்தி அவரைத் தாண்டித் தெருவில் இறங்கினாள்.

"வகுப்புக்கு சார்" என்றாள்.